சட்டமன்றமும் நிலமும்: கேரள நிலச்சீர்திருத்த வரலாற்றில் மக்களாட்சியும் தலைமையும்

முன்னுரை

மக்களாட்சி நிலவும் நாட்டில் அடிப்படையான பொருளாதாரச் சீர்திருத்தம் எவ்வாறு நிறைவேறுகிறது என்னும் வினாவிற்குப் பொதுவாக இருவகை விடைகள் கூறப்படுகின்றன. மக்களைத் தம்பால் ஈர்க்கும் ஆற்றலுடைய தலைவர் ஒருவரின் உறுதியால் நிறைவேறுகிறது என்பது ஒன்று. தேர்தல், சட்டமன்றம், நீதிமன்றம் எனும் படிநிலைகள் சீர்திருத்தத்தைத் தாமதப்படுத்துவதால் மக்களாட்சியே அதற்குத் தடை என்பது மற்றொன்று. கேரள நிலச்சீர்திருத்தத்தின் வரலாறு இவ்விரு விடைகளையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. 1957இல் தொடங்கிய அம்முயற்சி 1970 ஜனவரி 1 அன்றே முழுமையான செயலுருப் பெற்றது. இடைப்பட்ட ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளில் அமைச்சரவைகள் பல தோன்றி மறைந்தன. ஒரு சட்டம் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. எனினும் நிறைவேறிய சீர்திருத்தத்தைப் பின்வந்த எந்த ஆட்சியும் திரும்பப் பெறவில்லை. இந்நிலைபேற்றின் காரணத்தையும், அதே சட்டம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட சில பிரிவினரைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியதன் காரணத்தையும் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

மன்னராட்சிக் காலச் சீர்திருத்தங்கள்

திருவிதாங்கூரில் நிலவுரிமைச் சீர்திருத்தம் மக்களாட்சிக்கு முற்பட்டது. 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசுக்குரிய நிலங்களை உழுத குடிகளுக்கு அந்நிலத்தின்மீது நிலையான, கைமாற்றத்தக்க உரிமையை வழங்கியது. 1896ஆம் ஆண்டின் ஜன்மி–குடியான் சட்டம் தனியார் நிலங்களில் குத்தகையாளர்க்குச் சில பாதுகாப்புகளை அளித்தது. இவற்றின் பயனாக, மலபாரோடு ஒப்பிடுகையில் திருவிதாங்கூரில் நிலவுடைமை ஓரளவு பரவலானது. எனினும் இப்பயன் குத்தகையுரிமை பெற்றிருந்தோரோடு நின்றது. அவர்களின் கீழிருந்து சேற்றில் இறங்கி உழைத்த புலையர் முதலான மக்களுக்கு நிலத்தில் எவ்வுரிமையும் இல்லை.

1888இல் சட்டமன்றமும் 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் திருவனந்தபுரத்தில் அமைக்கப்பட்டன. பிரஜா சபையில் இடம்பெறும் தகுதி சொத்தையும் வரியையும் அளவாகக் கொண்டிருந்தது. நிலமற்றோர்க்கு அங்கு இடமின்மையால் நிலமற்றோரின் குறையும் அங்கு எழவில்லை. 1911இல் அச்சபைக்கு நியமிக்கப்பெற்ற அய்யங்காளி, தம் மக்களுக்குக் குடியிருக்கவும் பயிரிடவும் அரசுப் புறம்போக்கு நிலம் வேண்டும் என்று கோரினார். பிரதிநிதித்துவம் கிட்டிய உடனேயே நிலம் பேசுபொருளானது என்பது இங்கு நோக்கத்தக்கது. பிரஜா சபை கூடிய விக்டோரியா ஜூபிலி நகர மண்டபம் 2019இல் அய்யங்காளியின் பெயரைப் பெற்றது.

1936 முதல் 1947 வரை திவானாக இருந்த சி.பி. இராமசாமி ஐயரின் காலம் வேறொரு வகைமைக்குச் சான்றாகும். 1936இன் ஆலயப் பிரவேச விளம்பரம், 1937இன் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம், 1938இன் அரசுப் போக்குவரத்து, பள்ளிவாசல் நீர்மின் திட்டம், உர ஆலை, டைட்டானியம் ஆலை என வளர்ச்சிப் பணிகள் பலவும் அக்காலத்தனவே. ஆயினும் பொறுப்பாட்சி கோரி 1938இல் தோன்றிய மாநிலக் காங்கிரசு ஒடுக்கப்பட்டது. 1946 அக்டோபரில் புன்னப்புரை–வயலாரில் எழுந்த கயிறுத் தொழிலாளர், உழவுத் தொழிலாளர் கிளர்ச்சி ஆயுதபலத்தால் அடக்கப்பட்டது. 1947 ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் நடந்த தாக்குதலில் காயமுற்ற திவான், அடுத்த மாதமே பதவி துறந்து வெளியேறினார். மக்களின் ஒப்புதலின்றி வழங்கப்படும் பொருளாதார முன்னேற்றம் ஆட்சிக்கு ஏற்புடைமையைத் தந்துவிடாது என்பதை அவருடைய வீழ்ச்சியால் அறியமுடிகிறது.

1957: அமைச்சரவையும் தேவிகுளமும்

1948 பிப்ரவரியில் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் அடிப்படையில் திருவிதாங்கூரில் தேர்தல் நடைபெற்றது. அத்தேர்தலில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு 14 இடங்களைப் பெற்றது. மார்ஷல் நேசமணி முதலியோரின் தலைமையில் தென் திருவிதாங்கூர்த் தமிழர் நடத்திய இணைப்புப் போராட்டமும், 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச்சூடும் தமிழுலகம் நன்கறிந்தவை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. இவ்வெல்லைக் கோடு பின்னர் நிலச்சீர்திருத்தத்தின் வரலாற்றிலும் தன் விளைவைக் காட்டியது.

1957 தேர்தலில் 126 இடங்களுள் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி 60 இடங்களை வென்றது. சுயேச்சைகள் ஐவரின் ஆதரவுடன் இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு ஏப்ரல் 5 அன்று முதலமைச்சரானார். பதவியேற்ற ஒரு வாரத்திற்குள்ளேயே குடிவெளியேற்றத்தைத் தடுக்கும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. விரிவான சட்டம் வருமுன் நிலவுடைமையாளர் குத்தகையாளரை வெளியேற்றிவிடாமல் காக்கும் முன்னேற்பாடு இது. வேளாண் உறவுச் சட்டமுன்வடிவை வருவாய்த்துறை அமைச்சர் கே.ஆர். கௌரி அவ்வாண்டு டிசம்பரில் அவையில் வைத்தார்.

இரண்டொரு இடங்களையே பெரும்பான்மையாகக் கொண்டிருந்த அவ்வமைச்சரவைக்கு ஒவ்வோர் இடமும் உயிர்நாடியாக இருந்தது. தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி, வேட்புமனு ஒன்று தவறாகத் தள்ளப்பட்டமையால் செல்லாதென அறிவிக்கப்பட, 1958இல் அங்கு இடைத்தேர்தல் நடந்தது. தமிழ்த் தொழிலாளரிடையே வாக்குக் கோரப் பாவலர் வரதராசனின் பாடல்கள் மலைமேல் ஒலித்தன. ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். நிலச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையின் பெரும்பான்மையைத் தாங்கியவற்றுள் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாக்கும் ஒன்று என்பதை இதனால் உணரலாம். அச்சட்டமோ தேயிலை, காப்பி, இரப்பர்த் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. அவ்வாண்டு அக்டோபரில் மூணாறுப் பகுதியில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது.

தெருவும் அவையும்

சட்டமுன்வடிவு 1959 ஜூன் 10 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து, கல்விச் சட்டத்தால் ஏற்கெனவே சினமுற்றிருந்த சமூக அமைப்புகளும் எதிர்க்கட்சிகளும் இணைந்து விமோசன சமரத்தைத் தொடங்கின. நாயர் சேவைச் சங்கத்தின் நிறுவனரான மன்னத்து பத்மநாபன் அதன் தலைமகனாக விளங்கினார். வைக்கம் போராட்டக் காலத்தில் சவர்ணர் ஊர்வலத்தைத் திருவனந்தபுரம் நோக்கி நடத்திவந்த அவர், மூன்றரைப் பதிற்றாண்டுகளுக்குப் பின் மற்றுமொரு மக்கள் திரளை அதே தலைநகரை நோக்கி நடத்தினார். அங்கமாலியிலும், திருவனந்தபுரக் கடற்கரையின் செறியதுறை முதலிய ஊர்களிலும் நடந்த துப்பாக்கிச்சூடுகளில் ஏழை மக்களே மாண்டனர்.

இக்கட்டத்தில் மக்கள் என்னும் சொல்லுக்கு இருவேறு தரப்பினர் உரிமை கோரினர். தேர்தலில் வென்று அவையில் அமர்ந்திருந்தோர், மக்களின் ஆணை தம்மிடம் உள்ளது என்றனர். தெருவில் திரண்டோர், மக்களின் நம்பிக்கையை அவ்வமைச்சரவை இழந்துவிட்டது என்றனர். ஜூன் மாத இறுதியில் திருவனந்தபுரம் வந்து சென்ற தலைமை அமைச்சர் நேருவின் அரசு, 356ஆம் உறுப்பின்வழி ஜூலை 31 அன்று அமைச்சரவையைக் கலைத்தது. சட்டமுன்வடிவு நிறைவேறி 51 நாள்களே ஆகியிருந்தன. குடியரசுத் தலைவரின் இசைவு அதற்கு இன்னும் கிட்டவில்லை.

மக்கள் திரளின் பெயரால் பேசும் தலைமை சீர்திருத்தத்திற்கு ஆதரவாகவே அமையும் என்று கொள்வதற்கில்லை. நிலமற்றோரைத் திரட்டிய ஏ.கே. கோபாலனைப் போலவே, நிலமுடையோரும் அவர்களைச் சார்ந்தோரும் அடங்கிய திரளுக்குத் தலைமை தாங்கிய மன்னமும் மக்களைக் கவர்ந்த தலைவரே. ஆதலின் தலைமையின் கவர்ச்சி எத்திசையில் செயற்படும் என்பதை, அத்தலைமையின் பின்னுள்ள சமூகப் பிரிவுகளின் நலனே தீர்மானித்தது எனலாம்.

எதிர்த்தோர் கையில் சட்டம்

1960 தேர்தலில் கம்யூனிஸ்டுக் கட்சியின் இடங்கள் 29ஆகக் குறைந்தன. ஆனால் அதன் வாக்கு விழுக்காடு ஏறத்தாழ 35இலிருந்து 39ஆக உயர்ந்தது. பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் அமைந்த கூட்டணி அமைச்சரவை, தான் எதிர்த்துநின்ற ஆட்சியின் நிலச்சட்டத்தைக் கைவிட்டிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. குடியரசுத் தலைவர் திருப்பியனுப்பிய சட்டமுன்வடிவு சில திருத்தங்களோடு மீண்டும் நிறைவேற்றப்பட்டு, 1961 ஜனவரியில் இசைவு பெற்றுச் சட்டமாயிற்று. முதற் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த பி.டி. சாக்கோ இவ்வமைச்சரவையின் உள்துறை அமைச்சராக இருந்தார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. பத்தில் நான்கு பேர் அளவிற்குத் தோற்ற கட்சிக்கு வாக்களித்த நிலையில், வென்ற கட்சிகளின் சொந்தத் தொண்டருள்ளும் குத்தகையாளர் பலராயிருந்த நிலையில், சட்டத்தின் கடுமையைக் குறைக்க முடிந்ததேயன்றிச் சட்டத்தையே விலக்க இயலவில்லை.

அடுத்த தடை நீதிமன்றத்தில் எழுந்தது. காசர்கோடு, ஒசதுர்க்கம் வட்டங்களின் இரயத்துவாரி நிலங்கள் தொடர்பான கரிம்பில் குஞ்ஞிக்கோமன் வழக்கில் 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் அந்நிலங்களுக்குச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தேயிலை, காப்பி, இரப்பருக்கு விலக்களித்துவிட்டுப் பாக்கு, மிளகுத் தோட்டங்களுக்கு அதனை மறுத்தமை சமத்துவத்திற்கு முரண் என்பது தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. பெருந்தோட்டங்களைக் காப்பதற்கென வகுக்கப்பட்ட விதியே சட்டத்தின் வலுவற்ற இடமாக மாறியது. இதனையடுத்து ஆர். சங்கர் அமைச்சரவைக் காலத்தில் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் (1963) இயற்றப்பட்டது. அதனை வழக்குகளிலிருந்து காக்க, 1964இன் பதினேழாம் அரசியலமைப்புத் திருத்தத்தின்வழி அது ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

1970: உரிமை மாற்றம்

1967இல் மீண்டும் முதலமைச்சரான நம்பூதிரிப்பாட்டின் கூட்டணி அரசு, 1963 சட்டத்தை விரிவாகத் திருத்தும் சட்டமுன்வடிவை 1969 அக்டோபர் 17 அன்று நிறைவேற்றியது. ஒரு வாரத்தில் அவ்வமைச்சரவை கூட்டணிப் பிளவால் பதவி விலகியது. அடுத்துவந்த சி. அச்சுத மேனன் அமைச்சரவை, முன்னைய அரசின் முதன்மைக் கட்சிக்கு எதிர்முகாமில் இருந்தது. எனினும் அத்திருத்தச் சட்டத்தை 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது அவ்வரசே. அதற்கு முன், 1969 டிசம்பர் 14 அன்று ஆலப்புழைக்கு அருகில் ஆறவுகாட்டில் கூடிய உழவர், உழவுத் தொழிலாளர் மாநாடு, அரசு செயற்படினும் செயற்படாவிடினும் ஜனவரி 1 முதல் சட்டத்தின் உரிமைகளைத் தாமே எடுத்துக்கொள்வதென முடிவெடுத்திருந்தது. அவையின் சட்டமும் களத்தின் அமைப்பும் ஒன்றையொன்று நிறைவுசெய்த தருணம் இதுவாகும்.

குத்தகை நிலங்களின்மீதான ஜன்மியின் உரிமை அன்று அரசைச் சேர்ந்தது. நிலத் தீர்ப்பாயங்களின்வழிக் குத்தகையாளர் உடைமையாளராயினர். அடுத்தவர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர், ஊராட்சிகளில் 10 செண்டும், நகராட்சிகளில் 5 செண்டும், பெருநகரங்களில் 3 செண்டும் குறைந்த விலையில் பெறும் உரிமை எய்தினர். ஐவர் வரையிலான குடும்பத்திற்கு உச்சவரம்பு 10 தர ஏக்கராக வரையறுக்கப்பட்டது. உச்சவரம்பிற்கு மிஞ்சிய நிலத்தைப் பொறுத்தவரை நடைமுறை மெதுவாகவே நகர்ந்தது. அதனைச் சுட்டிக்காட்ட ஏ.கே. கோபாலன் 1972இல் திருவனந்தபுரத்து முடவன்முகளில் மதிலேறிக் கடந்து கைதானார்.

இத்திருத்தச் சட்டத்தையும் அதனைக் காத்த இருபத்தொன்பதாம் அரசியலமைப்புத் திருத்தத்தையும் உள்ளடக்கி எழுந்ததே காசர்கோட்டு எடநீர் மடத்தின் தலைவர் தொடுத்த கேசவானந்த பாரதி வழக்கு. 1973 ஏப்ரல் 24 அன்று பதின்மூவர் அமர்வு ஏழுக்கு ஆறு என்னும் அளவில் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்றவியலாது என்று தீர்ப்பளித்தது. இருபத்தொன்பதாம் திருத்தம் செல்லுமெனவும் கூறியது. நிலத்தின் பொருட்டு எழுந்த வழக்கு, பெரும்பான்மையின் அதிகாரத்திற்கே எல்லை வகுத்த தீர்ப்பாக முடிந்தது. சீர்திருத்தமும் நிலைத்தது; எத்தலைவரும் மீறலாகாத வரம்பும் நிலைத்தது.

தமிழகத்தோடு ஒப்பீடு

இதே காலத்தில் தமிழகம் வேறு வழியில் சென்றது. 1952இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம், 1961இன் 30 தர ஏக்கர் உச்சவரம்பு, 1970இல் அதனை 15 ஆகக் குறைத்தமை, 1971இன் குடியிருப்பு உரிமைச் சட்டம் என நிலச்சட்டங்கள் அங்கும் இயற்றப்பட்டன. ஆயினும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட கொடுமை, உழவுத் தொழிலாளரின் கூலிக் கோரிக்கைகூட எத்தகைய எதிர்ப்பைச் சந்தித்தது என்பதைக் காட்டியது. தமிழக அரசியலின் நலன்பேணும் முனைப்பு நிலத்தைக் காட்டிலும் உணவிலேயே பெரிதும் வெளிப்பட்டது. அண்ணா அறிவித்த ரூபாய்க்குப் படியரிசியும், எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் அதற்குச் சான்றுகள்.

இத்திட்டங்கள் தலைவர்களின் பெயரோடு பிணைந்தவை. ஆயினும் அவை அத்தலைவர்களோடு முடிந்துவிடவில்லை. எம்.ஜி.ஆரின் சத்துணவில் முட்டை சேர்த்து விரிவாக்கியது அவருடைய அரசியல் எதிரியான மு. கருணாநிதியின் ஆட்சி. போட்டியிடும் தலைமைகளிடையே மக்களின் வாக்கு நலத்திட்டங்களைக் காத்தது என இதனை விளக்கலாம். உணவு வழங்க அரசின் கருவூலம் போதும். நிலம் வழங்க ஒருவரிடமிருந்து எடுத்தாக வேண்டும். பின்னதற்குத் தலைவரின் புகழ் மட்டும் போதாது. வட்டந்தோறும் ஊர்தோறும் உரிமையைக் கேட்டுப் பெறும் அமைப்பு வேண்டும். கேரளத்தில் அவ்வமைப்பு வலுவாயிருந்தமையே இரு மாநிலங்களின் வேறுபாட்டிற்கு அடிப்படை எனத் தோன்றுகிறது.

சட்டத்தின் எல்லைக்கு வெளியே

அமைப்பின் வலிமையே சீர்திருத்தத்தைத் தீர்மானித்தது எனின், அமைப்பின் குரல் எட்டாத இடத்தில் சீர்திருத்தமும் எட்டாது என்பது அதன் மறுபக்கம். குத்தகையாளர் முழு நிலத்தைப் பெற்றனர். வயலில் உழைத்த தலித் மக்களுட் பெரும்பாலோர்க்குக் குடிசையடியின் சில செண்டுகளே கிட்டின. பெருந்தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து தொடர்ந்து விலக்குப் பெற்றன. 1971இன் கண்ணன் தேவன் மலைகள் மீட்புச் சட்டம் தோட்டமல்லாத நிலங்களை அரசுடைமையாக்கியது. எனினும் தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தமிழ்க் குடும்பங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான லயங்களிலேயே வாழ்ந்தன. ஓய்வு பெறுவோர் தம் பிள்ளைகளுள் ஒருவரேனும் தோட்டத்தில் பணிபுரிந்தாலன்றி அவ்வறையில் தொடர இயலாது.

அவர்கள் குத்தகையாளர் அல்லர்; ஆதலின் உழுபவருக்கே நிலம் என்னும் முழக்கத்தினுள் அடங்கவில்லை. தொழிற்சங்கங்கள் கூலிக்காகப் பேசினவேயன்றி நிலத்திற்காகப் பேசவில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள் ‘பெண்பிள்ளை ஒருமை’ என ஒன்றுகூடி, நிறுவனத்தோடு தொழிற்சங்கத் தலைமைகளையும் எதிர்த்து நின்றதன் பின்னணி இது. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் லயங்களின்மேல் மண்மலை சரிந்து 70 பேர் மறைந்தனர். தமக்கென ஓர் அடி மண் பெறாத குடும்பங்கள் அம்மண்ணிற்குள்ளேயே புதைந்தன.

பழங்குடியினரின் நிலையும் இத்தகையதே. பறிபோன நிலங்களை மீட்டுத் தரும் சட்டம் 1975இல் இயற்றப்பட்டும் நடைமுறைப்படவில்லை. 2001இல் சி.கே. ஜானு தலைமையில் அவர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் குடில்கள் அமைத்து 48 நாள் போராடி அரசோடு உடன்பாடு கண்டனர். அவ்வுடன்பாடு உரியவாறு நிறைவேறாமையின் விளைவாகவே 2003 முத்தங்கை நிகழ்வு அமைந்தது. நிலச்சட்டத்தை இயற்றிய அவை பல்லாண்டு கூடிய அதே வளாகத்தின் வாயிலில் நிலமற்றோர் குடிலிட்டமை, அச்சட்டம் விட்டுச்சென்ற எச்சத்தை வெளிப்படையாக்கியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மக்களின் ஒப்புதலின்றி மேலிருந்து வழங்கப்பட்ட வளர்ச்சி, திவான் ஆட்சியைக் காக்கவில்லை. மக்களைக் கவரும் தலைமை சீர்திருத்தத்தைத் தொடங்கவும் செய்தது, தடுக்கவும் செய்தது. அதனை நிலைபெறச் செய்தது கட்சி வேறுபாடின்றி அனைவரையும் கட்டுப்படுத்திய வாக்காளரின் அழுத்தமே. ஒரு கட்சி முன்மொழிய, அதனை எதிர்த்த கட்சிகள் சட்டமாக்க, மூன்றாவது அணி நடைமுறைப்படுத்த நேர்ந்தமையால் நிலச்சீர்திருத்தம் எத்தலைவரின் கொடையாகவும் கருதப்படவில்லை. கொடையாகக் கருதப்படாத ஒன்றை மற்றொருவர் திரும்பப் பெறுவதும் எளிதன்று. பதின்மூன்றாண்டுத் தாமதம் நிலவுடைமையாளர்க்குத் தப்பும் வழிகளைத் தந்தது உண்மை. அதே தாமதம் அச்சட்டத்தைப் பொது உடன்பாடாகவும் ஆக்கியது.

ஆயினும் அவ்வுடன்பாட்டில் தம் பெயரால் அமர்ந்து பேச இடம்பெறாதோர் அதன் பயனிலும் இடம்பெறவில்லை. 1958இல் தேவிகுளத்து மலைச்சரிவில் வாக்களித்த தமிழ்த் தொழிலாளியின் வாக்கு ஓர் அமைச்சரவையைத் தாங்கியது. அவருடைய வாழிடம் அச்சட்டத்தின் பக்கங்களில் விலக்காக மட்டுமே இடம்பெற்றது. வாக்குரிமை சீர்திருத்தத்தின் தொடக்கம். அதன் எல்லை எங்கு முடிகிறது என்பதை, யாருடைய குரல் அவைக்குள் ஒலிக்கிறது என்பதே இன்றளவும் தீர்மானிக்கிறது.